தேரை நிறுத்திய அச்சாணி

வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கத் தொடங்கும் பொருள் கார். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே அதன் மதிப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்கப்போனால், நாம் நினைத்த தொகைக்கும் வாங்க வருபவர் சொல்லும் தொகைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். 2011-ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவில் டொயோட்டா பிரியஸ் காரின் விஷயத்தில் இந்தக் கணக்கு பிசகிப்போனது. ஓரிரு வருடம் ஓடிய பழைய பிரியஸின் விலை புதிய காரின் விலையை நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய கார் வேண்டும் என்று போனவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். முன்பெல்லாம் தள்ளுபடி தந்து அழைத்த டீலர்கள் பட்டியல் விலையிலிருந்து ஒரு டாலரைக் கூடக் குறைக்க மறுத்தார்கள். அதற்கு மேல் கேட்டவர்களும் உண்டு.

இதற்கான காரணம் பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால், ஜப்பானின் வடகிழக்குக் கரையோரத்தில், கடலடியில் இருந்தது.

அங்கே பசிபிக் தட்டு ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் அளவில் நகர்ந்து ஜப்பானுக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும் இடங்களில் அந்த நகர்வு தடைபட்டு, நூற்றாண்டுக் கணக்கில் இறுக்கமாகச் சேர்கிறது. 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46 மணிக்கு அந்தப் பிடி விட்டது. சுமார் 500 கிலோமீட்டர் நீளமும் 200 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பிளவுப் பரப்பு சறுக்கியது. சில இடங்களில் சறுக்கல் 50 மீட்டர். நிலநடுக்கத்தின் அளவு 9. அதைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை இவாத்தே மாநிலக் கரையில் ஓரிடத்தில் 40 மீட்டர் உயரம் வரை ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 18,000 பேருக்கு மேல். நான் எழுத வந்தது கார்களைப் பற்றித்தான். ஆனாலும் இந்த எண்ணைச் சொல்லாமல் கார்க் கணக்கைத் தொடங்க மனம் வரவில்லை.

அன்றைய தொலைக்காட்சிப் படங்களில் கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மிதந்துபோனதைப் பலரும் பார்த்திருப்பார்கள். துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தவை, கிடங்கில் நின்றவை என்று நிசான் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 2,300 புதிய கார்களை இழந்தது. கண்ணுக்குத் தெரிந்த இந்த இழப்பு ஒரு பெரிய நிறுவனத்தின் சில மணி நேர உற்பத்திதான். கார்ச் சந்தையை முடக்கிய சேதம் வேறிடத்தில் நிகழ்ந்தது. அதைக் கண்டுபிடிக்கவே கார் நிறுவனங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது.

பிரியஸ் கார்களைக் கோர்க்கும் த்சுத்சுமி ஆலை ஐச்சி மாநிலத்தில், டொயோட்டா நகரில் இருக்கிறது. நிலநடுக்க மையத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி. அங்கே சுவர் விரியவில்லை, இயந்திரம் சாயவில்லை. ஆனால் மார்ச் 14 முதல் ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகள் அத்தனையும் நின்றன. மார்ச் 28 அன்று முதலில் மூன்று கார்களுக்கு மட்டும் வேலை தொடங்கியது: பிரியஸ், டொயோட்டாவின் லெக்சஸ் என்ற பெயரில் வரும் இரண்டு கார்கள். மூன்றுமே பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார்கள். இருக்கிற பாகங்களை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, மக்கள் அதிகம் கேட்ட கார்களுக்கே முதலிடம் கிடைத்தது. ஏப்ரல் 18 முதல் எல்லா ஆலைகளும் திறந்தன, ஆனால் பாதி வேகத்தில். அந்த ஏப்ரலில் டொயோட்டாவின் ஜப்பானிய உற்பத்தி முந்தைய ஆண்டின் ஏப்ரலோடு ஒப்பிட முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது.

ஆலை முழுசாக இருந்தும் கார் ஏன் வெளியே வரவில்லை? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே கழன்றது விரல் நகத்தளவு இருந்த ஓர் அச்சாணி.

டோக்கியோவுக்கு வடகிழக்கே, இபராக்கி மாநிலத்தில் ஹித்தாச்சினாக்கா என்று ஒரு கடலோர நகரம். ரெனிசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை அங்கே இருக்கிறது. கார்களுக்குள் இருந்து எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் ஏர்பேகுக்கும் கட்டளையிடும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லுகளைச் செய்யும் ஆலை அது. ஹித்தாச்சி, மிட்சுபிஷி, என்.இ.சி. ஆகிய மூன்று பெருநிறுவனங்களின் சில்லுத் தொழில்கள் படிப்படியாக ஒன்றாகி, 2010 ஏப்ரலில் ரெனிசாஸ் என்ற பெயரில் நின்றன. ஒரு காலத்தில் மூன்று பேரிடம் வாங்கக்கூடிய சரக்கு, சத்தமில்லாமல் ஒரே நிறுவனத்தின் சரக்காகிவிட்டது. உலகக் கார்த் தொழில் பயன்படுத்திய மைக்ரோகன்ட்ரோலர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அன்று ரெனிசாஸ் கையில் இருந்தது. அந்த நிறுவனத்தின் முக்கியமான ஆலை நாகா.

சில்லு செய்யும் இடம் நில அதிர்வுக்கு எவ்வளவு அஞ்ச வேண்டியது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சிலிக்கனால் ஆன வட்டத் தகடு ஒன்றின்மேல் ஒளியைக் கொண்டு கோடுகள் வரையப்படுகின்றன. அந்தக் கோடுகள் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்மையானவை. ஒரு கோட்டுப் படலத்தின்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று அடுக்கும்போது ஒன்றோடொன்று துல்லியமாகப் பொருந்தவேண்டும். அதற்கான இயந்திரங்கள் அதிர்வே இல்லாத மேடைகளில் நிற்கின்றன. தகடுகளைச் சுடும் உலைகளுக்குள் நீண்ட குவார்ட்ஸ் குழாய்கள் இருக்கும், கண்ணாடிபோல் உடையக்கூடியவை. அறைக்காற்றில் தூசியே இருக்கக்கூடாது. ஒரு தகடு உள்ளே போய்ச் சில்லாக வெளியே வர நூற்றுக்கணக்கான படிகள், இரண்டு மூன்று மாதங்கள். நிலம் ஆடிய அந்தச் சில நிமிடங்களில் இயந்திரங்கள் நிலைபெயர்ந்தன, குழாய்கள் உடைந்தன, கூரைப் பாளங்கள் கீழே வந்தன. அந்தக் கணத்தில் ஆலைக்குள் பாதி வழியில் இருந்த சில்லுகளோடு பல வார உழைப்பும் போயிற்று.

வேறொரு ஆலையில் செய்து கொடுத்துவிட முடியாதா என்று தோன்றும். கைபேசிச் சில்லுக்கு அது ஓரளவு முடியலாம். காரின் சில்லு வேறு ஜாதி. உறைபனியிலும் கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்திலும் பதினைந்து வருடம் பிழையில்லாமல் வேலை செய்யவேண்டும். பிழை நேர்ந்தால் உயிர் போகும். அதனால் ஒரு குறிப்பிட்ட ஆலையில், குறிப்பிட்ட முறையில் செய்த சில்லைத்தான் கார் நிறுவனம் மாதக்கணக்கில் சோதித்து ஏற்றுக்கொள்கிறது. ஆலை மாறினால் சோதனையெல்லாம் முதலிலிருந்து. நம் உயிரைக் காப்பதற்காக வைத்த அந்தக் கண்டிப்பே, ஆபத்துக் காலத்தில் மாற்றுவழியை அடைத்துவிட்டது.

அடுத்து நடந்ததைத்தான் இந்தக் கதையின் உச்சம் என்று சொல்வேன். சந்தையில் ஒருவரையொருவர் முந்தத் துடிக்கும் ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களை நாகா ஆலைக்கு அனுப்பின. இயந்திரம் செய்த நிறுவனங்களும் கட்டடக் கம்பெனிகளும் ஆள் அனுப்பின. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை அங்கே இரவுபகலாக வேலை செய்தார்கள். ஜூலையில் திறக்கலாம் என்று கணித்த ஆலை ஜூன் 1 அன்றே சில்லு செய்யத் தொடங்கியது. பெரும் பின்னதிர்வுகள் தொடர்ந்துகொண்டிருந்த நிலத்தில், வீடிழந்தவர்களும் உறவிழந்தவர்களும் சூழ இருந்த பகுதியில் செய்யப்பட்ட வேலை அது.

நாகா ஆலை தனிக்கதை அல்ல. அதே ஹித்தாச்சினாக்காவில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் உணரிகளைச் செய்யும் ஹித்தாச்சி ஆலையும் நின்றது. விளைவாக அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டிரக் ஆலை ஒன்றைச் சில நாட்கள் மூடியது. ஃபுக்குஷிமா மாநிலத்தின் ஒனஹாமாவில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் நடத்திய ஆலை, சைராலிக் என்ற நிறமியைச் செய்தது. அலுமினியம் ஆக்சைடின் மெல்லிய செதில்களுக்குத் தைட்டானியம் ஆக்சைடு போன்ற பூச்சு கொடுத்தால், வெயிலில் கார் திரும்பும்போது வண்ணத்துக்குள்ளிருந்து ஒரு மினுக்கல் எழும். உலகத்திலேயே அதைச் செய்த ஒரே ஆலை அது. சில நாட்களிலேயே ஃபோர்டு நிறுவனம் தன் அமெரிக்க டீலர்களிடம் ஒரு வகைக் கறுப்பிலும் சில வகைச் சிவப்பிலும் கார் கேட்காதீர்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. ஆலை மே மாதம் திறந்தது. மெர்க் பின்னர் அதே நிறமிக்கு ஜெர்மனியிலும் ஓர் உற்பத்தி வரிசை அமைத்தது.

சாதாரணக் கார்களே இப்படித் தடுமாறின என்றால், ஹைபிரிட் ஏன் இன்னும் ஆழமாக விழுந்தது? அந்தக் காரின் உடலமைப்பிலேயே விடை இருக்கிறது.

பிரியஸுக்குள் ஒரு பெட்ரோல் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் உண்டு. மூன்றையும் ஒரு பல்சக்கரத் தொகுப்பு பிணைக்கிறது: நடுவே ஒரு சக்கரம், அதைச் சுற்றி வரும் சிறு சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்த வெளிவளையம். எந்தக் கணத்தில் எஞ்சின் ஓடவேண்டும், எப்போது அணையவேண்டும், பிரேக் மிதித்ததும் சக்கரத்தின் வேகத்தை எவ்வளவு மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பவேண்டும் என்பதையெல்லாம் ஓட்டுநர் முடிவு செய்வதில்லை. கணினிகள் நொடிக்குப் பலமுறை கணக்குப் போட்டு முடிவு செய்கின்றன. ஒரு காலன் பெட்ரோலுக்கு 50 மைல், அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்ற மைலேஜ் இந்த ஓயாத கணக்கிலிருந்துதான் வருகிறது. எனவே சாதாரணக் காரைவிடக் கூடுதலான கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அதற்கு வேண்டும். பின்னிருக்கைக்கு அருகே 168 நிக்கல் மின்கலங்கள் கோர்த்த பேட்டரி இருந்தது. அதைச் செய்த நிறுவனத்துக்கு ஷிசுவோக்கா மாநிலத்தில் ஆலைகள் இருந்தன. பெருகும் தேவைக்காக 2010-இல் புதிதாக ஒன்று திறந்தார்கள். அந்தப் புதிய ஆலை இருந்தது மியாகி மாநிலத்தில், நிலநடுக்கம் உலுக்கிய பகுதியில். அங்கும் வேலை நின்றது.

இதைவிட முக்கியமானது, பிரியஸ் எங்கே பிறந்தது என்பது. டொயோட்டாவின் கேம்ரி அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தில் செய்யப்பட்டது. அமெரிக்கருக்கு விற்ற பிரியஸ் ஒவ்வொன்றும் ஜப்பானிலிருந்து கப்பலேறியது. அமெரிக்காவிலேயே பிரியஸ் செய்ய டொயோட்டா ஒரு முறை முடிவெடுத்தது உண்டு. 2008-இல் மிசிசிப்பி மாநிலத்தில் கட்டிக்கொண்டிருந்த ஆலையைப் பிரியஸுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் கட்டடம் பாதியில் நின்றது. 2010-இல் வேலையை மீண்டும் தொடங்கியபோது, அங்கே கொரோலா செய்யலாம் என்று மாற்றிக்கொண்டார்கள். பிரியஸே அங்கே தயாராகியிருந்தாலும் முழுதாகத் தப்பியிருக்காது என்றே நினைக்கிறேன். அக்காலத்து ஃபோர்டு ஃப்யூஷன் ஹைபிரிட் மெக்சிகோவில் கோர்க்கப்பட்ட கார். அதன் மின்மோட்டார்ப் பெட்டியும் பேட்டரி மின்கலங்களும் ஜப்பானிய நிறுவனங்களுடையவை. ஹைபிரிட் என்ற தொழில்நுட்பமே அன்று ஜப்பானில் வேரூன்றியிருந்தது.

இனி விலைக்கு வருவோம். அதிர்வு மார்ச்சில், தட்டுப்பாடு முற்றியது ஜூனில். இந்த இடைவெளியில்தான் சந்தையின் உள்ளமைப்பு தெரிகிறது. ஆலையிலிருந்து கப்பலேறி, பசிபிக்கைக் கடந்து, ரயிலிலும் லாரியிலும் டீலர் வாசலுக்கு வர ஒரு காருக்கு வாரக்கணக்கில் ஆகும். நிலம் ஆடிய நாளில் கடல்மேல் இருந்த கார்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. அதனால் அந்த மார்ச்சில் அமெரிக்காவில் 18,600 அளவில் பிரியஸ் விற்றது. ஏப்ரலில் 12,500-ஐ ஒட்டி. மே மாதம் 7,000-க்குச் சற்றுக் கீழே. ஜூனில் 4,300 சொச்சம். வாங்க ஆள் இல்லாமல் வந்த சரிவு அல்ல இது. விற்கச் சரக்கே இல்லை.

வாங்கும் ஆசையோ அதே மாதங்களில் ஏறிக்கொண்டிருந்தது. லிபியாவில் போர் மூண்டு, அரபு நாடுகளில் கிளர்ச்சி பரவி, எண்ணெய் விலை உயர்ந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் காலன் மூன்று டாலர் சொச்சமாக இருந்த பெட்ரோல், மே மாதம் நான்கு டாலரை நெருங்கியது. பெட்ரோல் ஏறும்போதெல்லாம் அமெரிக்கர்களுக்கு மைலேஜ் நினைவு வரும். வட ஆப்பிரிக்காவில் ஒரு புரட்சியும் வடகிழக்கு ஜப்பானில் ஒரு நிலநடுக்கமும் ஒரே காலாண்டில் வந்து ஒரே காரின்மேல் எதிரெதிர்த் திசைகளில் அழுத்தின.

மூன்றாவதாக ஒரு விசையும் சேர்ந்தது. பேரிடர் தாக்கிய நாட்டின் நாணயம் மதிப்பிழக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஜப்பானிய யென் ஏறியது. சீரமைப்புக்கும் காப்பீட்டுத் தொகை கொடுக்கவும் ஜப்பானிய நிறுவனங்கள் வெளிநாட்டு முதலீடுகளை விற்றுப் பணத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் என்று சந்தை கணித்தது. அந்தக் கணிப்பே யென்னை உயர்த்தியது. மார்ச் 17 அன்று ஒரு டாலருக்கு 77 யென்கூடக் கிடைக்காத நிலை வந்து, மறுநாள் ஜி-7 நாடுகள் கூட்டாகத் தலையிட்டு யென்னை இறக்கவேண்டியதாயிற்று. யென் வலுத்தால் ஜப்பானில் செய்து டாலரில் விற்கும் காரில் லாபம் மெலியும். தள்ளுபடி தர நிறுவனத்துக்கும் மனம் வராது.

இத்தனைக்கும் நடுவில் பட்டியல் விலை பெரிதாக மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நிறுவனம் விலையை ஏற்றித் தட்டுப்பாட்டைக் காட்டவில்லை. தள்ளுபடி மறைந்தது, காத்திருப்பு நீண்டது, பழைய காரின் மதிப்பு ஏறியது. பேரிடரின் விலை வாங்குபவரிடம் இப்படித்தான் வந்து சேர்கிறது. ரசீதில் அது தனி வரியாக இருக்காது.

டொயோட்டா தன் பாகங்களைத் தேடிப் புறப்பட்டபோது கண்டது அந்த நிறுவனத்தையே திகைக்கவைத்தது. திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள். அவற்றைத் தரும் நிறுவனங்கள் பிரமிடு வடிவில் இருக்கின்றன என்பதே எல்லோருடைய எண்ணமும்: உச்சியில் டொயோட்டா, கீழே போகப்போக மேலும் மேலும் பேர். அப்படியானால் ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். உண்மையான வடிவம் வைரத்தைப் போன்றது. நடுவில் அகன்று, அடியில் மறுபடி குறுகுகிறது. ஆபத்தைப் பரப்ப நினைத்து இரண்டு கம்பெனிகளிடம் ஒரே பாகத்தை வாங்கியிருப்பார்கள். அந்த இரண்டுமே, தமக்கு வேண்டிய சில்லையோ ரப்பரையோ பூச்சையோ அடியிலிருக்கும் ஒரே ஆலையிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் தட்டுப்பாடான பாகங்கள் 500 வகை என்று கணக்கிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் அது 150, பிறகு 30.

பாகங்களைக் கிடங்கில் குவிக்காமல், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வரவழைக்கும் முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது டொயோட்டாதான். அந்த முறையே பிழை என்று பலர் அப்போது எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாகா ஆலை மூடியிருந்தது ஏறத்தாழ மூன்று மாதம். அதற்கு ஈடாக 30,000 பாகங்களையும் குவித்துவைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. முடிந்தாலும் அந்தச் செலவு எல்லாக் காலத்திலும் கார் விலையில் ஏறியிருக்கும். வழங்குபவருக்கு வழங்குபவர் யார் என்று தெரியாமல் இருந்ததுதான் கோளாறு. டொயோட்டா பிறகு அடித்தட்டு வரை இறங்கி யார் எங்கே எதைச் செய்கிறார்கள் என்று பதிவு செய்தது. மாற்றுவழி இல்லாத பாகங்களை மட்டும் பிரித்தெடுத்து, சில்லு போன்றவற்றை இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை இருப்பு வைக்கும்படி தன் வழங்குநர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-இன் முற்பகுதியில் சில்லுப் பஞ்சம் உலகக் கார்த் தொழிலை முடக்கியபோது டொயோட்டா மற்றவர்களைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்ததற்கு இந்த இருப்பு ஒரு காரணம்.

பாகம் கிடைத்த பிறகும் 2011-இன் சிக்கல் தீரவில்லை. அதே ஆழிப்பேரலையில் ஃபுக்குஷிமா அணு உலைகள் சிதைந்தபின் கிழக்கு ஜப்பானில் மின்சாரம் போதவில்லை. மேற்கிலிருந்து அனுப்பலாமே என்றால், ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் மிச்சம் அது. இரண்டுக்கும் நடுவே மாற்றி அனுப்பக்கூடிய அளவு வெறும் ஒரு கிகாவாட்டை ஒட்டி இருந்தது. எனவே அந்த ஜூலை முதல் செப்டம்பர் வரை ஜப்பானின் கார் ஆலைகள் வியாழன், வெள்ளியில் விடுமுறை விட்டு, மின்தேவை குறைந்த சனி, ஞாயிறில் வேலை செய்தன. தொழிலாளர் குடும்பங்கள் அத்தனையும் தங்கள் வாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டன.

இருண்ட அந்தக் கரையோரத்தில் ஹைபிரிட் காருக்கு இன்னொரு பயனும் வெளிப்பட்டது. டொயோட்டாவின் எஸ்டிமா ஹைபிரிட் வேனில் வீட்டு மின்சாதனங்களைச் செருகிக்கொள்ள 1,500 வாட் மின்முனை இருந்தது. பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே ஓடி நிரப்பிக்கொள்ளும். மின்சாரம் போன ஊர்களில் அந்த வேன்கள் விளக்கெரித்தன, வெந்நீர் வைத்துக் கொடுத்தன. அந்த அனுபவத்தைப் பார்த்தே பிரியஸிலும் அத்தகைய மின்முனையைக் கொண்டுவர டொயோட்டா முடிவு செய்தது.

ஆண்டு முடிவதற்குள் இன்னோர் அடி. அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். அயுத்தயாவிலிருந்த ஹோண்டா ஆலை நீரில் மூழ்கியது; நனைந்த 1,055 கார்களை அந்த நிறுவனம் யாருக்கும் விற்காமல் நொறுக்கி அழித்தது. வெள்ளம் சேராத டொயோட்டாவின் ஜப்பானிய, அமெரிக்க ஆலைகளும் தாய்லாந்துப் பாகங்கள் இல்லாமல் மறுபடி வேகத்தைக் குறைத்தன.

ஆனாலும் அந்த டிசம்பர் 26 அன்று ஒரு புதிய சிறிய ஹைபிரிட் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பெயர் அக்குவா. அதைச் செய்தது இவாத்தே மாநிலத்தின் கனெகசாக்கி ஆலை. ஐச்சி, கியூஷுவுக்கு அடுத்தபடியாக வடகிழக்கை ஜப்பானில் தன் மூன்றாவது உற்பத்தித் தளமாக வளர்ப்பதாக டொயோட்டா பேரிடர் ஆண்டிலேயே உறுதியாகச் சொல்லியிருந்தது. 2013 முதல் மூன்று ஆண்டுகள் ஜப்பானில் மிக அதிகம் விற்ற கார்களில் ஒன்று அக்குவா. ஜப்பானில் சில வருடம் ஓடியபின் அவை ஏலத்தில் கைமாறி இலங்கைக்கும் வந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று கண்ணில் படும் அக்குவா கார்களில் பல, இவாத்தேத் தொழிலாளர்கள் அந்த ஆலையில் கோர்த்தவை.

2022 மார்ச் 16 இரவு ஃபுக்குஷிமா கரையோரம் மறுபடி குலுங்கியது. அளவு 7.4, 2011-இன் வலிமை இதற்கு இல்லை. டொயோட்டாவின் வடகிழக்கு ஆலைகள் சில நாட்கள் நின்றன. நாகா ஆலையும் நின்றது. முன்பு ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துக்கொண்ட அந்த ஆலை, இந்த முறை ஒரு வாரத்தில் பழைய உற்பத்தி அளவுக்குத் திரும்பியது.